பதினேழாம் இடத்திலிருந்து பட்டம் வரை: இந்தியன் கிராண்ட் பிரீ 2013, பயணக் குறிப்புகள்

அக்டோபர் 22, செவ்வாய் இரவு. சென்னை சென்ட்ரல்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பிவிட்டது. எதிர் பெர்த்தில் அக்கா மகன். ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை, பிரேக் பொருத்தும் பிரிவு. போன மாதம் போனஸ் வந்ததும் என்னிடம் சொல்லாமலேயே, டெல்லி பக்கம் நடக்கும் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்கு மூன்று நாளுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான். "மாமா, மெயின் ஸ்டாண்ட். நேர் எதிர்ல பிட், டயர் மாத்துற இடம். நீங்க வரலைன்னா நானும் போகல" என்றான். 2011-லும் போக முடியவில்லை, 2012-லும் போக முடியவில்லை. இந்த வருடத்தோடு நம் ஊர்ப் பந்தயம் நின்றுபோகிறது. 2014 அட்டவணையில் இந்தியா இல்லை என்பது முடிவாகிவிட்டது. இனி யோசிக்க என்ன இருக்கிறது, லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சட்டைப் பையில் அப்பாவின் ஸ்டாப்வாட்ச். சாவி கொடுக்கும் பழைய ரகம். ஒரு நொடிக்கு ஐந்து கோடு. அம்பத்தூரில் மெக்கானிக்காக இருந்த அப்பா, பிப்ரவரி மாதங்களில் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து சோழவரம் கூட்டிப்போவார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதைப் பந்தயப் பாதை ஆக்கியிருப்பார்கள். "வண்டியைப் பாக்காதடா, வண்டிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாரு" என்று சொல்லி இந்தக் கடிகாரத்தை என் கையில் கொடுப்பார். முன்னால் போகும் வண்டி தூணைத் தாண்டும்போது ஒரு அழுத்து, பின்னால் வரும் வண்டி தாண்டும்போது இன்னொரு அழுத்து. சுற்றுக்குச் சுற்று அந்த எண் குறைகிறதா கூடுகிறதா, அதுதான் பந்தயம். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடிகாரம் இன்னும் நேரம் தவறவில்லை.

அக்டோபர் 23, புதன். ரயிலில்

கண் விழித்தபோது விஜயவாடா தாண்டியிருந்தது. மதியம் நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினோம். மற்றபடி பகல் முழுக்க ஜன்னல்தான்.

கீழ் பெர்த்தில் ஒரு அம்மா. மகள் பிரசவத்துக்கு டெல்லி போகிறார்கள். மடியில் வெந்தயக்களி மாவு டப்பா. நாங்கள் எதற்குப் போகிறோம் என்று கேட்டார்கள். சொன்னோம். "சுத்திச் சுத்தி வண்டி ஓட்டுறதைப் பாக்கவா ரெண்டு ராத்திரி ரயில்ல போறீங்க?" குரலில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். மருமகன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்ட ஆரம்பித்தான்.

கணக்கு இதுதான். வருடம் முழுக்க 19 பந்தயம். ஜெயித்தால் 25 புள்ளி. அடுத்து 18, 15, 12, 10 என்று இறங்கிப் பத்தாவது ஆளுக்கு 1. இதுவரை ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டலுக்கு 297, ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு 207. இந்தியாவையும் சேர்த்து மிச்சம் நான்கு பந்தயம், அதாவது அதிகபட்சம் 100 புள்ளி. ஞாயிற்றுக்கிழமை வெட்டல் ஐந்தாவதாக வந்தாலே போதும், அலோன்சோ ஜெயித்தாலும் பட்டம் அவருடையது. வித்தியாசம் 75 ஆகும். மிச்சம் மூன்று பந்தயத்தையும் அலோன்சோவே ஜெயித்து, வெட்டல் ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் இருவரும் சமம். அப்போது அதிக வெற்றி யாருக்கு என்று பார்ப்பார்கள். அதில் வெட்டல் ஏற்கெனவே எட்டாத தூரம் போய்விட்டார்.

"அப்ப அந்தப் பையன் ஜெயிச்ச மாதிரிதானே? நீங்க ஏன் போறீங்க?" என்றார்கள் அந்த அம்மா.

மருமகனின் முகம் வாடிப்போனது. அவன் அலோன்சோ பக்தன், சிவப்புத் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றாதவன். நான்தான் பதில் சொன்னேன். "அம்மா, நிச்சயம் ஆன கல்யாணம்தான். ஆனாலும் தாலி கட்டுறதைப் பாக்க ஊரே போகுது இல்லையா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரி" என்றார்கள்.

நான் யாருக்காகப் போகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் வெட்டல் கட்சி. இந்த வருடம் பல ஊர்களில் அவர் மேடை ஏறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. தொடர்ந்து ஜெயிக்கிறார் என்பதற்காக ஒரு இருபத்தாறு வயதுப் பையனைப் பார்த்து ஊளையிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் அது நடக்கக் கூடாது.

அக்டோபர் 24, வியாழன். டெல்லி, நொய்டா

காலை ஏழு மணி சுமாருக்கு டெல்லி. மெட்ரோவில் ராஜீவ் சௌக் வந்து, நீல வழித்தடத்துக்கு மாறி நொய்டா. இணையத்தில் பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு மொட்டை மாடியில் ஒரு அறை கிடைத்தது. படுக்க இடம் இருந்தால் போதும்.

மாலை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் போனோம். டெல்லித் தமிழர்கள் கட்டிய முருகன் கோயில், உத்தர சுவாமிமலை. கருங்கல் படி ஏறும்போது சுற்றிலும் தமிழ்க் குரல்கள். மருமகன் நெடுநேரம் கண்ணை மூடி நின்றான். என்ன வேண்டிக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை, தெரிந்ததுதானே.

நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதியமே ஒரு நடை, பந்தயப் பாதை இருக்கும் சர்க்யூட் பக்கம் போய் வழி பார்த்துவிட்டு வந்தோம். யமுனா எக்ஸ்பிரஸ்வே போன வருடம் திறந்த சாலை, வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் திடீரென்று ஸ்டாண்டின் கூரை எழும்பி நிற்கிறது. சாலை இறக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மருமகனுக்குத் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் புண்ணியத்தில் இந்தி நன்றாக வருகிறது. கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னான். கடைக்காரர் குடும்பத்துக்கு இந்தப் பக்கம் கோதுமை வயல் இருந்ததாம். நிலம் சாலைக்குப் போனது. வந்த பணத்தில் அண்ணன் வீடு கட்டினார், தம்பி கார் வாங்கினார், இவர் கடை போட்டார். 2011 மே மாதம் இதே எக்ஸ்பிரஸ்வே ஓரம் பட்டா பர்சௌல் கிராமத்தில் நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனது நினைவுக்கு வந்தது. கேட்கலாமா என்று தயங்கினேன். அவரே அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, கையை விரித்துக் காட்டிவிட்டு, டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

"உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம். சத்தம் மட்டும் கேட்குமாம். மூன்று வருடமாக அந்தச் சத்தம் வரும் வாரத்தில்தான் கடையில் வியாபாரமாம்.

அக்டோபர் 25, வெள்ளி. முதல் நாள்

காலை பத்து மணிக்கு முதல் பயிற்சி. அதற்கு முன் ஒரு பதற்றம். பந்தயத்தை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. போன வருடத்துக் கேளிக்கை வரி பாக்கி இருக்கிறது, அதைக் கட்டாமல் இந்த வருடம் நடத்தக் கூடாது என்பது மனு. உத்தரப் பிரதேச அரசு இதை விளையாட்டாகப் பார்க்காமல் கேளிக்கையாகப் பார்த்ததில் தொடங்கிய சிக்கல் இது. கடைசியில் பந்தயத்துக்குத் தடை இல்லை என்று செய்தி வந்ததும் ஸ்டாண்டில் இருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

சத்தத்தைப் பற்றி எப்படி எழுதுவது? தொலைக்காட்சியில் இருபது வருடம் கேட்டிருக்கிறேன். அது வேறு. பிட்டுக்குள் முதல் எஞ்சின் உயிர் பெற்றபோது எனக்குக் காதுக்கு முன்னால் நெஞ்சில்தான் தெரிந்தது. மருமகன் கொடுத்த பஞ்சு அடைப்பான் கையிலேயே இருந்தது. 2.4 லிட்டர் வி8, நிமிடத்துக்கு 18,000 சுழற்சி. அதாவது நொடிக்கு 300 முறை. முதல் வண்டி நேர்ப்பாதையில் வந்தபோது முன்னால் இருந்த குழந்தை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் இருக்கையின் கைப்பிடியில் விரலை வைத்துப் பார்த்தேன், இரும்பு அதிர்ந்தது. அடுத்த வருடம் முதல் 1.6 லிட்டர் டர்போ வி6 வருகிறது. இந்தக் குரலும் இந்த வருடத்தோடு சரி. பஞ்சை அடைத்துக்கொள்ள மனம் வரவில்லை, பத்து நிமிடம் அப்படியே கேட்டேன். பிறகு வலி தாங்காமல் அடைத்துக்கொண்டேன்.

பாதை பற்றி. நீளம் 5.125 கிலோமீட்டர், 16 திருப்பம், வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரிகிற இடமெல்லாம் நேரில் மேடும் பள்ளமும். எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் நேர்ப்பாதையின் முடிவில் வண்டிகள் மேடேறி வலது பக்கம் மறைகின்றன. மூன்றாவது திருப்பத்தில் மறுபடி ஏற்றம், அங்கிருந்து நான்காவதுவரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நேர்ப்பாதை. வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும் பாதை என்பதால் காலையில் முதல் வண்டிகள் போனபோது பின்னால் புழுதி எழும்பியது. 2011-ல் முதல் பயிற்சியின்போது ஒரு தெருநாய் உள்ளே ஓடி வந்ததை மறக்க முடியுமா? இன்று நாய் இல்லை.

இரண்டு பயிற்சியிலும் வெட்டல்தான் முதல். என் கடிகாரம் மதியம் காட்டியது 1 நிமிடம் 25 நொடி, மேலே மூன்று கோடு. பெரிய திரையில் வந்த எண்ணோடு அரை நொடிகூட வித்தியாசம் இல்லை. மருமகன் தன் கைப்பேசியில் அளந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வைத்துவிட்டான்.

அக்டோபர் 26, சனி. தகுதிச் சுற்று

காலையில் பனியும் புகையும். மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் வண்டிகளை வெளியே விடமாட்டார்கள். அதனால் கடைசிப் பயிற்சி தாமதமாகத்தான் தொடங்கியது.

மதியம் தகுதிச் சுற்று, நாளை யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சுற்று. வெட்டல் 1:24.119. இரண்டாவது வந்த மெர்சிடிஸின் ராஸ்பெர்க்கைவிட முக்கால் நொடி குறைவு. முக்கால் நொடி என்பது இந்த உலகத்தில் ஒரு தெருவின் நீளம். அதே மெர்சிடிஸின் ஹாமில்டன் மூன்றாவது, ரெட் புல்லில் வெட்டலின் கூட்டாளி வெப்பர் நான்காவது, ஃபெராரியில் அலோன்சோவின் கூட்டாளி மாஸ்ஸா ஐந்தாவது. அலோன்சோ எட்டாவது.

ஆனால் இன்றைய கதை டயரில் இருக்கிறது. பைரெல்லி இங்கே கொண்டுவந்திருப்பது சாஃப்ட், மீடியம் என்று இரண்டு வகை. சாஃப்ட் வேகமானது, ஆனால் இந்தப் பாதையில் சில சுற்றுக்குள் கொப்பளித்துவிடுகிறது. பந்தயத்தில் இரண்டு வகையையும் ஒரு முறையாவது போட்டே ஆக வேண்டும். அதோடு, முதல் பத்து இடத்துக்கான சுற்றில் எந்த டயரில் நல்ல நேரம் எடுத்தார்களோ அதே டயரில்தான் நாளை கிளம்ப வேண்டும். வெட்டல் சாஃப்டில் எடுத்தார். வெப்பரும் அலோன்சோவும் வேண்டுமென்றே மீடியத்தில் எடுத்து, கொஞ்சம் பின்னால் நிற்க ஒப்புக்கொண்டார்கள்.

"நாளைக்கு வெட்டல் சீக்கிரம் உள்ள வந்துதான் ஆகணும் மாமா. கூட்டத்துக்கு நடுவுல மாட்டுவார். தலைவர் அங்கதான் பிடிப்பார்" என்றான் மருமகன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. இரவு நொய்டா திரும்ப பஸ் கிடைக்காமல் இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். வழி முழுக்க இதே பேச்சுதான்.

இந்த முறை களத்தில் இந்திய ஓட்டுநர் யாரும் இல்லை என்பதையும் நடந்துகொண்டே பேசினோம். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி ஃபார்முலா 1-க்குள் முதலில் நுழைந்த இந்தியர் நம் நரேன் கார்த்திகேயன். இதே பாதையில் 2011-லும் 2012-லும் எச்.ஆர்.டி வண்டியில் ஓட்டியவர். களத்திலேயே மெதுவான வண்டி அது. இருந்தாலும் அன்று அவர் நேர்ப்பாதையில் வந்தபோதெல்லாம் ஸ்டாண்ட் எழுந்து நின்றதை டிவியில் பார்த்துக் கண் கலங்கினேன். கோவையிலும் சென்னையிலும் கொட்டகைகளில் வண்டி கட்டிய ஆட்கள், சோழவரத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் வெயிலில் கொடி ஆட்டிய ஆட்கள், இவர்கள் இல்லாமல் நரேனும் இல்லை, அவருக்குப் பின் ஃபார்முலா 1 ஓட்டிய கருண் சந்தோக்கும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு. பந்தயம்

காலை பத்து மணிக்கே இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். பந்தயம் மூன்று மணிக்கு. 60 சுற்று.

ஐந்து சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணைந்த அந்த நொடியில் 22 வண்டியும் ஒரே குரலில் கத்தின. மேட்டில் மறைவதற்குள் வெட்டல் முன்னால். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஐந்தாவதாக நின்ற மாஸ்ஸா இரண்டு மெர்சிடிஸையும் தாண்டி இரண்டாவதாகிவிட்டார். மருமகன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அடுத்த நிமிடமே திரையில் அலோன்சோவின் முன் இறக்கை. ஆரம்ப நெரிசலில் வெப்பரோடும் மெக்லாரன் ஓட்டுநர் பட்டனோடும் உரசியதில் ஒடிந்திருந்தது. தொப்பியை மறுபடி தலையில் போட்டுக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

இரண்டாவது சுற்று முடியும்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த வெட்டல் நேர்ப்பாதைக்கு வராமல் பிட்டுக்குள் திரும்பினார். எங்கள் ஸ்டாண்டில் ஒரு 'ஐயோ'. ஏதோ பழுது என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள். வண்டி வந்து நின்றது, நான்கு பக்கமும் ஆட்கள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். நான் கடிகாரத்தை அழுத்தி விரலை எடுப்பதற்குள் வண்டி போய்விட்டது. வெளியே வந்தபோது அவர் இடம் 17.

நிதானமாக யோசித்தால் புரிகிறது. கொப்பளிக்கப்போகும் டயரை எப்படியும் கழற்றியாக வேண்டும். அதை எட்டாவது சுற்றில் கழற்றினால் என்ன, இரண்டில் கழற்றினால் என்ன? ஒரே வித்தியாசம், இரண்டில் கழற்றினால் முதலிடத்தை முழுசாகத் தூக்கி எறிய வேண்டும், பதினாறு வண்டியை ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். ஐந்தாவதாக வந்தாலே பட்டம் என்கிற நாளில், பாதுகாப்பாக முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்த இடத்தில் அவர்கள் முழுப் பந்தயத்தையும் ஜெயிக்கிற வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் இந்தப் பையனை நேசிப்பது இதற்காகத்தான்.

அதன் பிறகு நான் முன்னால் போகும் வண்டிகளைப் பார்க்கவே இல்லை. வெட்டலுக்கும் அவருக்கு முன்னால் இருப்பவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். பந்தயம் முடியும் கோட்டுக்கு எதிரே ஒரு தூண். முன் வண்டி தாண்டினால் ஒரு அழுத்து, வெட்டல் தாண்டினால் ஒரு அழுத்து. ஒரு நொடி நான்கு கோடு. அடுத்த சுற்றில் மூன்று கோடு. அதற்கடுத்த சுற்றில் அளக்க அந்த வண்டியே முன்னால் இருக்காது, புதிதாக வேறு வண்டி இருக்கும். பின்னால் இருந்த சர்தார்ஜி பெரியவர் என் தோளைத் தட்டி ஒவ்வொரு சுற்றும் எண்ணைக் கேட்க ஆரம்பித்தார். விரலால் காட்டினேன். அவர் தன் வரிசைக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி இருபது பேர் அப்பாவின் கடிகாரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மீடியத்தில் கிளம்பிய வெப்பர் நெடுநேரம் முன்னால் ஓட்டினார். அவர் தன் பங்குக்கு சாஃப்டைப் போட்டுக் கழற்றி முடித்தபோது கணக்கு நேரானது. ரெட் புல் வண்டிகள் முதல் இரண்டு இடத்தில், முன்னால் வெட்டல். அடுத்து வெப்பரின் வண்டி மெதுவாகி ஓரம் கட்டியது. வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. அதே ஆல்டர்னேட்டர்தானே இன்னொரு வண்டியிலும்? மீதி இருபது சுற்றும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிரேக் போடும்போது சேரும் சக்தியால் வேகம் கூட்டும் கெர்ஸ் வேண்டாம், குடிநீர் பொத்தானைக்கூட அழுத்த வேண்டாம் என்று வெட்டலுக்கு ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வெயிலில், நாக்கு வறண்டு, அதே வேகத்தில் ஓட்டியிருக்கிறார்.

மற்றவர்களில் ரொமெய்ன் குரோஜானை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். லோட்டஸ் வண்டியில் 17-ஆம் இடத்திலிருந்து கிளம்பியவர், ஒரே ஒரு முறை டயர் மாற்றி, அந்த ஒரு செட்டில் நாற்பத்தேழு சுற்று ஓட்டி மூன்றாவது வந்தார். அதே அணியின் ரைக்கோனன் அதைவிட நீளமாக இழுத்துப் பார்த்து, டயர் செத்துப்போய், கடைசியில் ஏழாவது. ஃபோர்ஸ் இந்தியாவின் இரண்டு வண்டியும் எட்டாவது, ஒன்பதாவது வந்தபோது மூவர்ணக் கொடிகள் எழும்பின. அலோன்சோ பதினொன்று. ஒரு புள்ளிகூட இல்லை.

கடைசிச் சுற்று. வெட்டல் கோட்டைத் தாண்டினார், அழுத்தினேன். ராஸ்பெர்க் வரும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். தாண்டினார், மறுபடி அழுத்தினேன். முள் 29-க்கு அடுத்த நான்காவது கோட்டை ஒட்டி நின்றது. திரையில் வந்த எண் 29.823. சர்தார்ஜி கடிகாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் நெற்றியில் முத்தமிட்டார்.

ஜெயித்தவர்கள் ஒரு சுற்று மெதுவாக வந்து, வண்டியை நேராக அதிகாரிகளின் காப்பிடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. வெட்டல் போகவில்லை. எங்களுக்கு நேர் எதிரே, நேர்ப்பாதையில், வண்டியைப் பம்பரமாகச் சுற்றினார். வெள்ளைப் புகை. ரப்பர் கருகும் வாசனை ஸ்டாண்டுக்குள் ஏறி வந்தது, சோழவரத்தின் அதே வாசனை. புகை விலகியபோது அவர் வண்டியைவிட்டு இறங்கி, அதன் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தார். ஆயுத பூஜையன்று அப்பா ஷெட்டில் நிற்கிற வண்டிகளுக்கு முன்னால் விழுந்து கும்பிடுவது போலவே இருந்தது. எழுந்து ஓடிவந்து கம்பி வேலியில் ஏறி, கையுறைகளைக் கூட்டத்துக்குள் வீசினார். யாரும் கூச்சல் போடவில்லை. "செப், செப்" என்று ஸ்டாண்ட் முழுக்கக் கத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

தொடர்ந்து ஆறாவது வெற்றி. தொடர்ந்து நான்காவது உலகப் பட்டம். இதற்கு முன் தொடர்ச்சியாக நான்கு பட்டம் எடுத்தவர்கள் ஃபான்ஜியோவும் ஷூமாக்கரும் மட்டும்தான். நான்கு பட்டம் எடுத்தவர்களில் இவர்தான் மிக இளையவர். அணிகளுக்கான பட்டமும் இன்றே ரெட் புல்லுக்கு உறுதியானது. இந்தியாவில் நடந்த மூன்று பந்தயத்தையும் ஜெயித்தவர் வெட்டல் ஒருவரே.

அந்தப் புகைக்காக அவருக்குக் கண்டனமும் அணிக்கு 25,000 யூரோ அபராதமும் போட்டிருக்கிறார்கள். விதி விதிதான். ஆனால் அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் இந்தப் பந்தயத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெளியே வரும்போது மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பதினேழுலேருந்து வந்தாரு மாமா. அதுக்கு மேல என்ன சொல்றது" என்றான்.

அக்டோபர் 28, திங்கள். கிளம்பும் நாள்

ரயில் இரவுதான். காலையில் மறுபடி டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டு முதல் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அடுத்த ஞாயிறு அபுதாபியில் பந்தயம் என்பதால் நேற்று இரவே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம், ராத்திரி முழுக்க லாரிச் சத்தமாம். நாங்கள் நின்றிருந்தபோதும் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் இரண்டு இரண்டாக எக்ஸ்பிரஸ்வே ஏறி விமான நிலையப் பக்கம் போயின. பின்னால் ஸ்டாண்டின் கூரை நேற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"அகலே சால்?" என்று கேட்டார் கடைக்காரர். அடுத்த வருடம் பந்தயம் இல்லை, 2015-ல் திரும்ப வரும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று மருமகன் எடுத்துச் சொன்னான். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மருமகன் இன்னொரு முறை சொன்னான்.

அடுத்த லாரி போகும்வரை மூன்று பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.